சிறைக்குள்ளும் பரீட்சை எழுதலாம்: நாம் அறியாமல் இருந்த ஒரு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். இது எங்கள் பிழை ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு உம்மா மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு ஷொப்பிங் பேக், அதற்குள் மகனின் கொப்பிகள். ஓ.எல் எழுத வேண்டிய பிள்ளை, ஒரு வழக்கில் விளக்கமறியலில் இருந்தான். "சேர், உள்ளுக்க இருந்து இவன் சோதினை எழுதேலாதா?" என்று கேட்டார். "முதல்ல பிள்ளை வெளியில வரட்டும் ராத்தா, பிறகு பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். விசாரித்துப் பார்க்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை. பிள்ளை வெளியில் வந்தபோது பரீட்சை முடிந்திருந்தது. பிறகு அவன் பாடசாலைப் பக்கம் வரவே இல்லை. இன்று வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறான். தொழிலில் குறைவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நாங்கள் சொன்ன பதில் தவறானது என்பதைப் பிறகுதான் தேடிப் படித்து அறிந்தோம். அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் மார்க்க வரலாற்றிலிருந்து. ஹிஜ்ரி 2, அதாவது கி.பி. 624இல் பத்ர் போர் நடந்தது. மக்காவாசிகள் ஏறத்தாழ 70 பேர் கைதிகளானார்கள். வசதி உள்ளவர்கள் பணம் கட்டி விடுதலையானார்கள். பணம் இல்லாத, ஆனால் எழுத வாசிக்கத் தெரிந்த கைதிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் வேறொரு வழி வைத்தார்கள்: மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை. பின்னாளில் குர்ஆனைத் தொகுத்த ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்களும் அப்படி எழுத்துப் படித்தவர்களில் ஒருவர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நேற்று வாளோடு வந்தவனிடம் இன்று பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்ட சம்பவம்தான். நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் கைதியானபோது அது நமக்கு நினைவு வரவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். தென்னாபிரிக்காவின் ரொபன் தீவுச் சிறை எல்லோருக்கும் தெரியும். நெல்சன் மண்டேலாவோடு 1964இல் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் அஹ்மத் கத்ராடா என்ற இந்திய வம்சாவளி முஸ்லிமும் ஒருவர். பகலில் சுண்ணாம்புக் கல் உடைத்தார்கள். மற்ற நேரத்தில் படித்தார்கள், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சிறைக்குப் 'பல்கலைக்கழகம்' என்றே பெயர் வந்தது. கத்ராடா தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியாகப் படித்து நான்கு பட்டங்கள் பெற்றார். 1989இல் விடுதலையாகும்போது அவர் சிறையில் கழித்த காலம் 26 வருடங்கள்.

பக்கத்து நாட்டிலும் இது நடக்கிறது. டெல்லி திகார் சிறையில் 1994இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த கைதி தெரியாத கைதிக்குக் கற்பிக்கும் திட்டமும் அங்கே உண்டு. பத்ரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் நம் எல்லோருக்கும் தெரிந்த பெயர் பேரறிவாளன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூன் 11ஆம் திகதி கைதானபோது வயது 19. அந்த வழக்கு நம்மில் பலருக்குப் பல நினைவுகளைக் கிளறும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் இந்தத் தீவிலிருந்து உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்ட சமூகம் நாங்கள். வழக்கின் சரி பிழையைப் பேச வரவில்லை. சிறைக்குள் அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் பாருங்கள். மரண தண்டனைக் கைதியாக இருந்தவர், வேலூர் சிறையிலிருந்து பிளஸ் டூ பரீட்சை எழுதி 1200க்கு 1096 புள்ளிகள் எடுத்தார். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையில் இளங்கலையும் முதுகலையும் முடித்தார். 2022 மே 18ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீண்ட சிறைவாசம், நன்னடத்தை, நோய் ஆகியவற்றோடு சிறையில் பெற்ற கல்வித் தகைமைகளையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது.

கதவை மூடினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கைதிகள் கல்லூரிப் படிப்புப் படிக்க அரசு உதவிப்பணம் கொடுத்து வந்தது. 'குற்றவாளிக்கு எதற்கு எங்கள் வரிப்பணம்?' என்ற குரல் எழுந்தது. 1994இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சிறைக்குள் நடந்த பெரும்பாலான கல்லூரி வகுப்புகள் மூடப்பட்டன. 2013இல் ராண்ட் நிறுவனம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிறையில் கல்வி பெற்றவர்கள் மறுபடி குற்றத்தில் விழும் வாய்ப்பு 43 வீதம் குறைவு என்று கண்டது. கடைசியில் 2023 ஜூலை முதல் உதவிப்பணம் முழுமையாகத் திரும்பவும் கொடுக்கப்பட்டது. நடுவில் போனது ஏறத்தாழ முப்பது வருடங்கள், ஒரு தலைமுறையின் படிப்பு.

நம் நாட்டில்? இளம் குற்றவாளிகளைத் தண்டிப்பதை விடப் பயிற்றுவிப்பதே நல்லது என்று 1939ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே பயிற்சிப் பாடசாலைகளுக்கு இடம் வைத்தது. இன்று வட்டரெக்கவில் சிறைச்சாலைக்குள் சுனீத வித்தியாலயம் என்று ஒரு பாடசாலையே நடக்கிறது. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்குக் கைதிகள் தோற்றுகிறார்கள். கொழும்பு மகசின் சிறைச்சாலையில் அவர்களுக்குப் பரீட்சை நிலையமும் போடப்படுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற 'மண்டேலா விதிகள்' இன்னொன்றும் சொல்கின்றன: சிறைக் கல்வி நாட்டின் பொதுக் கல்வியோடு இணைந்திருக்க வேண்டும், வெளியில் வந்ததும் தடங்கல் இல்லாமல் தொடர்வதற்காக.

அந்த உம்மாவிடம் நாங்கள் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "கேட்டுப் பார்க்கலாம், ராத்தா. நாங்களும் கூட வாறம்."

இன்றைக்கும் கேரள கஞ்சா, ஐஸ் என்று நம் கரையில் பிள்ளைகள் பிடிபடுகிறார்கள். செய்தவன் பதில் சொல்லத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் விளக்கமறியலில் இருப்பவன் இன்னும் குற்றவாளி என்று தீர்க்கப்படாதவன். தீர்க்கப்பட்டாலும் நீதிமன்றம் எடுப்பது அவனுடைய சுதந்திரத்தை. அவனுடைய படிப்பை எடுப்பது பல நேரம் நாம்தான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். பிள்ளை உள்ளே இருந்தால் பரீட்சை விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்பே அதிபரிடமும் சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தரிடமும் பேசுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, பாடசாலைப் பதிவு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பார்க்கப் போகும்போது பாடப்புத்தகம் கொடுக்கலாமா என்று கேளுங்கள். எப்படிப் பேசுவது, யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். வவுனியாவோ அனுராதபுரமோ, கூட வருவோம். வெளியில் வந்த பிள்ளையை 'மறியலுக்குப் போனவன்' என்று வகுப்பிலும் சந்தியிலும் கூப்பிடாதீர்கள்.

1990இல் நாம் புத்தளம் முகாம்களுக்குப் போனபோது ஓலைக் கொட்டில்களில் பாடம் நடந்தது. அன்று படிப்பு நின்றுவிடக் கூடாது என்று யாரோ நினைத்தபடியால்தான் இன்று நம்மில் பலர் உத்தியோகத்தில் இருக்கிறோம். அதே நினைப்பு இந்தப் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. தவறியவர்களுக்குத் திரும்பி வரும் வழியைத் திறந்து கொடுப்பானாக. ஆமீன்.