இலைத்துருவுக்குப் பெயர் வந்ததும் அறிவு வந்ததும்: இலங்கைக் காப்பி, 1869–1881

1869-ஆம் ஆண்டு, இலங்கையின் மடுல்சீமைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்த புள்ளிகள் தென்பட்டன. புள்ளி விழுந்த இலைகள் காலத்துக்கு முன்பே உதிர்ந்தன. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் த்வெயிட்ஸ், நோயுற்ற இலைகளை இங்கிலாந்தில் இருந்த எம். ஜே. பெர்க்லிக்கு அனுப்பிவைத்தார். தொழிலால் பாதிரியாரான பெர்க்லி பூஞ்சை ஆய்வில் அன்றைய பிரிட்டனில் முதன்மையானவர். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழிவுக்குப் பூஞ்சையே காரணம் என்று 1846-லேயே வாதிட்டவர்.

அந்த நவம்பரில் 'கார்டனர்ஸ் க்ரானிக்கிள்' இதழில் விவரணை வெளிவந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பெயர் பெர்க்லி, அவருடைய ஆய்வுக் கூட்டாளி ப்ரூம் இருவருக்கும் உரியது. புதிய சிற்றினம் என்பதோடு நிற்காமல் புதிய பேரினமே வகுக்க வேண்டியிருந்தது. துருப் பூஞ்சைகள் பெரும்பாலும் இலைத்தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருபவை. இதுவோ இலைத்துளை வழியாகக் கொத்துக்கொத்தாக வித்துகளை நீட்டுகிறது. வித்து சிறுநீரக வடிவம். முதுகுப்புறம் சொரசொரப்பு, அடிப்புறம் வழவழப்பு. பூசணத்துக்கும் துருவுக்கும் இடைப்பட்டதாகத் தோன்றுகிறது என்றும், எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பது கடினம் என்றும் பெர்க்லி வெளிப்படையாகவே எழுதினார். அந்தத் தயக்கமே அவருடைய குறிப்பின் சிறப்பு என்பேன்.

ஆனால் காய்ந்த இலையும் நுண்ணோக்கியும் சொல்லக்கூடியது அவ்வளவுதான். பூஞ்சை இலைக்குள் எப்படி நுழைகிறது, மரத்துக்கு மரம் எதன்மூலம் பரவுகிறது என்பவை தோட்டத்தில் நின்று பார்க்கவேண்டியவை. தோட்டத் துரைமாரில் பலர் வானிலையையும் மண்ணின் சோர்வையும் குறைகூறி உரத்தைக் கூட்டினார்கள். 1870-ல் ஏற்றுமதி பத்து லட்சம் அந்தர் (ஹண்ட்ரட்வெயிட்) அளவில் இருந்தது. பிறகு விளைச்சல் சரிந்தபோது சந்தை விலை ஏறியது. நட்டம் கணக்கில் தெரியவில்லை. புதிய காடுகள்கூட அழிக்கப்பட்டு, காப்பியே மேலும் நடப்பட்டது.

1880-ல்தான் மார்ஷல் வார்ட் என்னும் 26 வயது இளைஞர் இந்த ஆய்வுக்கென்றே இலங்கைக்கு வந்தார். அதற்குச் சற்று முன் பேராதனைத் தோட்டத்தின் துணை இயக்குநர் டேனியல் மோரிஸ், மரத்தின் மேற்பரப்பில் கண்ட மெல்லிய இழைகளை இந்தப் பூஞ்சையின் ஒரு பருவமாகக் கருதி, கந்தகமும் சுண்ணாம்பும் தூவச் செய்திருந்தார். அந்த இழைகளுக்கும் ஹெமிலியாவுக்கும் தொடர்பில்லை என்று வார்ட் காட்டினார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, காற்றில் வந்த வித்துகளைப் பிடித்தார். நல்ல இலைமீது நீர்த்துளியில் வித்தை இட்டு, அது முளைவிட்டு இலைத்துளை வழியே உள்ளே புகுவதையும், சில வாரங்களில் அதே இடத்தில் ஆரஞ்சுப் புள்ளி தோன்றுவதையும் பின்தொடர்ந்தார். மலைமலையாக ஒரே பயிர், இடையில் காற்றைத் தடுக்க மரமில்லை: இந்த நடவுமுறைதான் பூஞ்சைக்குத் தீனி போட்டது என்பதும் அவருடைய அறிக்கைகளில் உண்டு. உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையைக் கொல்லும் மருந்து எதையும் அவரால் தர முடியவில்லை. தோட்டக்காரர்கள் எதிர்பார்த்ததோ அதைத்தான். ஏமாற்றம் அவர்மேல் திரும்பியது. அது நியாயமல்ல. பெயர் கிடைத்த கையோடு ஒருவரை அனுப்பியிருந்தால் 11 ஆண்டுகள் வீணாகியிருக்காது.

1880-களின் முடிவில் ஏற்றுமதி பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. காப்பி நின்ற சரிவுகளில் தேயிலை ஏறியது. காப்பி அறுவடைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் தேயிலைக்குக் குடும்பத்தோடு லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தங்கினார்கள். மலையகத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கங்காணியையும் துரையையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தப் பூஞ்சைக்கும் அதில் ஓர் இடம் தரவேண்டும்.

துருநோய் 1970-ல் பிரேசிலையும் எட்டியது. ஆனால் அதைப் பற்றிய அறிவு இன்னும் முழுமையாகவில்லை. பல துருப் பூஞ்சைகளுக்கு வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க இரண்டாவது தாவரம் ஒன்று உண்டு. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸுக்கு அப்படி ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை.