கறுப்போடு கறுப்பு

கணிப்பொறியின் வரலாற்றைப் பேசுவோர் செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் பெருக்கத்தையுமே பேசுகின்றனர். பெட்டியின் மூலையில் விசிறியோடு முனகிக் கிடக்கும் மின்வழங்கியை, நம் கடைத்தெரு மொழியில் எஸ்எம்பிஎஸ்ஸை, எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், செருகியதும் உள்ளே போகும் ஒன்று உண்மையிலேயே பொருந்தியதாகுமா என்னும் கேள்வியை அதன் வரலாற்றில்தான் நாம் தெளிவாகக் காண்கிறோம்.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பீசியின் மின்வழங்கி தந்தது 63.5 வாட் மட்டுமே. வன்தட்டோடு வந்த 1983ஆம் ஆண்டின் எக்ஸ்டியில் அது 130 ஆயிற்று. 1984இன் ஏடியில் 192. பிற நிறுவனங்கள் இப்பொறிகளைப் பார்த்துப் படியெடுத்தமையால், எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்காமலேயே ஐபிஎம்மின் செருகிகள் உலகத்தின் செருகிகளாயின. பி8, பி9 எனப்பட்ட அவை ஆறாறு முனைகள் கொண்ட இரட்டையர். அருகருகே அமர வேண்டிய அவற்றை இடம் மாற்றியும் செருகிவிட முடியும். செருகினால் தாய்ப்பலகை பாழாகலாம். இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அடுத்தடுத்து வரவேண்டும் என்பதே காப்பு. 'கறுப்போடு கறுப்பு' என்று பொறி பூட்டுவோர் வாய்ப்பாடு போல் மனப்பாடம் செய்தனர். வடிவம் செய்திருக்க வேண்டிய வேலையை மனித நினைவின் தலையில் கட்டிய ஏற்பாடு அது.

1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் இக்குறையைத் தீர்த்தது: 20 முனைகள் கொண்ட ஒரே செருகி, ஒரே திசை.

அடுத்து வந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படாதது. தொடக்கத்தில் சில்லுகள் 5 வோல்ட்டை நேரே உண்டன. பின்னர் செயலியின் தேவை 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்க, மின்னழுத்தத்தைக் குறைக்கும் பொறுப்பைத் தாய்ப்பலகையே ஏற்றது. 60 வாட்டை 5 வோல்ட்டில் கொண்டுசெல்ல 12 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டிலோ 5 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். 2000இல் பென்டியம் 4 வந்தபோது 12 வோல்ட்டுக்கெனத் தனி நான்குமுனைச் செருகி தோன்றியது. 2003இல் முதன்மைச் செருகி 24 முனைகளாக வளர்ந்தது.

இங்கேதான் பலர் இடறினர். பழைய 300 வாட் மின்வழங்கியும் புதிய 300 வாட் மின்வழங்கியும் எண்ணில் ஒன்றே. முன்னதன் வலிமையில் பெரும்பகுதி 5, 3.3 வோல்ட் தடங்களில் அடங்கியது. புதிய பலகை கேட்பதோ 12 வோல்ட்டில். பானை நிறையச் சோறிருந்தும் பசியாறவில்லை. ரிச்சி தெருவில் பெட்டி வாங்குவோர், அதனுடன் இனாமாக வரும் மின்வழங்கியின் மொத்த வாட்டை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதை நாம் ஏற்பதற்கில்லை. பக்கவாட்டுச் சீட்டில் ஒவ்வொரு தடத்துக்கும் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும் கட்டமே படிக்கத் தக்கது.

2022இல் வரைகலை அட்டைகளுக்காக 600 வாட் தாங்கும் புதுச்செருகி வந்தது. 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். சுமப்பவை ஆறு சிறு முனைகள். அவ்வாண்டின் அக்டோபரிலேயே அச்செருகிகள் உருகிய படங்கள் வெளிவரத் தொடங்கின. முழுதாகச் செருகப்படாமையும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. 2023இல் திருத்திய வடிவில் மின்முனைகளைச் சற்றே நீட்டி, உணர்முனைகளைக் குறுக்கினர். செருகி ஆழப் பதிந்து உணர்முனைகள் தொட்டாலன்றி, அட்டை அதன் வழியே மின்சாரம் கேட்கலாகாது.