பூஜ்யத்தின் பொருள்: உயிரினச் சமூகங்களை ஆராயும் புள்ளியியலைப் பயிலுதல் குறித்து

உயிரினச் சமூகங்களை எண்களால் ஆராய்வதற்குரிய பல்மாறிப் புள்ளியியலைக் கற்க முற்படும் மாணவன், பெரும்பாலும் தாவரவியலிலோ விலங்கியலிலோ பயின்றவனாகவும், கணிதத்தைப் பள்ளிப் பருவத்தோடு விட்டு வந்தவனாகவும் இருப்பதால், அணிகளின் பெருக்கலையும் ஐகன் மதிப்புகளையும் கண்டு அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தைப் போக்குவதே ஆசிரியரின் முதற்கடமை என்று கருதிப் பாடத்திட்டங்கள் யாவும் முதன்மைக் கூறு ஆய்வில் தொடங்கி, ஒரு முறையின் குறையை அடுத்த முறை தீர்ப்பதாகக் காட்டிப் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. என் அபிப்பிராயத்தில் இவ்வரிசை தலைகீழானது. கணிதத்தின் கடினம் சில மாத அப்யாசத்தில் கரைந்துவிடும். கணினியோ அதை ஒரே நாளில் மறைத்தும் விடும். கரையாமலும் மறையாமலும் நிற்பது ஒரு கேள்வி: இடங்களை நிரைகளாகவும் இனங்களை நிரல்களாகவும் கொண்டு எழுதப்பட்ட அட்டவணையில், பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும் பூஜ்யங்கள் எதைச் சொல்லுகின்றன? இக்கேள்விக்கு விடை காணாதவன் எந்த முறையைக் கையாண்டாலும், ஏற்கெனவே ஒரு விடையைத் தன்னையறியாமல் ஒப்புக்கொண்டவனாகவே இருக்கிறான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த சாஸ்திரம் பிறந்த சூழலை நோக்கினாலும் இது விளங்கும். தாவரக் கூட்டத்தை ஒரு தனி உடலுக்கு நிகரானதாகக் கருதி, அது பிறந்து வளர்ந்து முதிர்ச்சியடைவதாக 1916-ல் கிளெமெண்ட்ஸ் எழுதினார். ஒவ்வோர் இனமும் தன்தன் போக்கில் பரவுவதேயன்றிக் கூட்டம் என்பதற்குத் தனி உயிர் கிடையாது என்று 1926-ல் கிளீசன் மறுத்தார். இந்த விவாதம் வெறும் வாக்குவாதமாக நீடித்தபோதுதான் எண்களின் துணை நாடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பிரதேசத்துக் குறுமரக் காடுகளை ஆராய்ந்த குட்டால், தாவரத் தொகுதிகளை வகைகளாகப் பிரிக்காமல் தொடர்ச்சியான அச்சுகளில் நிறுத்தும் வேலைக்கு 1954-ல் ‘ஆர்டினேஷன்’ என்ற சொல்லை வழங்கினார். நாம் அதை வரிசைப்படுத்தல் எனலாம். மூன்றாண்டு கழித்து, 1957-ல், தென் விஸ்கான்சினின் மேட்டுநிலக் காடுகளைப் பற்றி பிரேயும் கர்ட்டிஸும் எழுதிய ஆராய்ச்சியில், காடுகளுக்கிடையேயுள்ள பேதங்கள் முதலில் எண்களாகக் கணக்கிடப்பட்டன. பின்னர், இரண்டு முனைக்காடுகளைத் தேர்ந்து, அவற்றிலிருந்து காம்பஸைக் கொண்டு வில்கள் வரைந்து, அவை வெட்டும் புள்ளிகளில் ஏனைய காடுகள் நிறுத்தப்பட்டன. கிளீசனின் பக்கமே வலுப்பெற்றது என்பது பலரும் அறிந்தது. அவ்வளவாக அறியப்படாத விசேஷம், அந்தக் காம்பஸ் விரிந்த அளவெல்லாம் ஒரு தொலைவுச் சூத்திரத்தின் ஆணைப்படியே விரிந்தது என்பதாகும். (இன்று அவ்விருவர் பெயரால் வழங்கும் சூத்திரம் அவர்கள் கண்டுபிடித்ததன்று, பெயரிடும் விஷயத்தில் விஞ்ஞானம் நியாயத்தைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை.)

வாதத்தைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, இத்துறை மாணவர் பலரும் முதன்முதலாகக் கைதொடும் ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸ் தேசத்துக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் இடையிலுள்ள ஜூரா மலையில் தோன்றி, ஏறத்தாழ 450 கிலோமீட்டர் ஓடிச் சோன் என்னும் பிரெஞ்சு நதியில் கலக்கும், பிரெஞ்சுக்காரர் ‘தூ’ என்று உச்சரிக்கும் நதியின் நெடுகிலும் 30 இடங்களில் மீன்களைக் கணக்கெடுத்து, 1973-ல் வெர்னோ என்பவர் தம் ஆராய்ச்சியேட்டில் வெளியிட்டார். இனங்கள் 27; ஒவ்வொன்றின் மிகுதியும் 0 முதல் 5 வரையுள்ள படிகளில் குறிக்கப்பட்டிருக்கிறது. போர்கார், ஜிலே, பியேர் லெஜாந்தர் ஆகியோர் 2011-ல் வெளியிட்ட பாடநூலின் வாயிலாக இந்த நதி உலகத்து ஆய்வுக்கூடங்களிலெல்லாம் ஓடத் தொடங்கிற்று.

நதிமூலத்தை அடுத்த முதலாம் இடத்தில் இருப்பது டிரௌட் மீன் ஒன்றே. அதன் படி 3. ஏனைய 26 கட்டங்களும் பூஜ்யம். இரண்டாம் இடத்தில் டிரௌட் 5 ஆகப் பெருகி, அதனோடு வேறு இரண்டு இனங்கள் 4, 3 என்ற படிகளில் சேருகின்றன. பெசான்சோன் நகரத்தைக் கடந்த பின், நகரக் கழிவினால் நீர் கெட்ட 23-ஆம் இடத்தில், டிரௌட் அறவே இல்லை. கீழ்நதியின் மூன்று இனங்கள் மட்டும் 1, 1, 2 என்று எஞ்சி நிற்கின்றன. மீன் பிடிப்பவனைக் கேட்டால், முதலாம் இடத்துக்கு இரண்டாம் இடமே உறவு என்பான். யூக்ளிடின் தொலைவைக் கேட்டாலோ, வித்தியாசங்களை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் காண்கையில், முதலுக்கும் இரண்டுக்கும் இடையே 29-ன் மூலமாகிய 5.39-உம், முதலுக்கும் இருபத்துமூன்றுக்கும் இடையே 15-ன் மூலமாகிய 3.87-உம் கிடைக்கின்றன. பொதுவாக ஓர் இனமும் இல்லாத இரண்டு இடங்கள், ஒரே இனத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு இடங்களைவிட நெருங்கியவையாகிவிட்டன! பிரே, கர்ட்டிஸ் பெயரிலுள்ள சூத்திரமோ, வித்தியாசங்களின் கூட்டுத்தொகையை மொத்த மிகுதியால் வகுப்பதால், முதல் இணைக்கு 15-ல் 9, அதாவது 0.6 என்றும், பின்னதற்கு 4 உம் 3 உம் சேர்ந்த 7-ல் 7, அதாவது 1 என்றும், சிறிதும் ஒப்பில்லாமைக்குரிய உச்ச அளவைத் தருகிறது.

இவ்விரண்டு விடைகளில் எதிலும் கணிதப் பிழை இல்லை. 27 இனங்களில் முதலாம் இடத்திலும் 23-ஆம் இடத்திலும் சேர்ந்தாற்போல் இல்லாதவை 23. யூக்ளிடின் தொலைவு இந்த இருபத்துமூன்று இன்மைகளையும் உடன்பாடாக எண்ணிக்கொள்ளுகிறது, மற்றது அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. மலையுச்சியின் குளிர்ந்த வேகநீரில் ப்ரீம் மீன் இல்லாமைக்குக் காரணம் வேறு; பிராணவாயு குன்றிய கழிவுநீரில் அது இல்லாமைக்குக் காரணம் வேறு. ஓர் இனம் தனக்கேற்ற நிலையின் இருபுறமும் தேய்ந்து மறைவதாக இருக்க, இரண்டிடத்து இன்மையை ஒரே குணமாகப் பாவிப்பது, காட்டில் பிறந்த இருவருக்கும் கடலைத் தெரியாது என்பதற்காக அவ்விருவரையும் உடன்பிறந்தோராக்குவதை ஒக்கும். ஆயினும் இரட்டைப் பூஜ்யத்தைத் தள்ளுவதே எக்காலத்தும் சரி என்று விதி செய்துவிடவும் கூடாது. ஒரு விஷப்பொருள் கலந்த குளங்களில் எந்தெந்த இனங்கள் ஒருங்கே அழிந்தன என்பதே வினாவாகுமிடத்து, சேர்ந்த இன்மையே சாட்சியாகிறது. ஆகவே தொலைவின் தேர்வு என்பது கணக்கு தொடங்குமுன் செய்யும் ஒரு சூழலியல் தீர்மானம். அதை மென்பொருளின் இயல்பு நிலைக்கு விட்டுவிடுபவன், தன் சித்தாந்தத்தையே பிறரிடம் ஒப்படைத்துவிடுகிறான்.

இதனை முதலில் தெளிந்துகொண்டால், பாடத்திட்டத்தின் பெரும்பகுதி ஒரே வினாவின் கிளைகளாகிவிடுகிறது. முதன்மைக் கூறு ஆய்வு யூக்ளிடின் தொலைவைக் காப்பது. ஆதலால் மூல எண்களின் மேல் அது ஏவப்படும்போது மேற்கண்ட விபரீதத்தையும் காத்துத் தருகிறது. ஒவ்வொரு மிகுதியையும் அவ்விடத்து மொத்தத்தால் வகுத்து வர்க்கமூலம் கண்டபின் அதே ஆய்வைச் செய்யலாம் என்று 2001-ல் லெஜாந்தரும் கல்லகரும் காட்டியபோது, முறை மாறவில்லை, பூஜ்யத்தின் பொருளே மாறிற்று. வரைபடத்தில் தோன்றும் வில்வடிவத்தை ஒரு நோயாகக் கருதி அதை நிமிர்த்துவதற்கு 1980-ல் ஹில்லும் காச்சும் செய்த உபாயத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. நீண்ட நதியின் இரு முனைகளுக்கும் பொதுவான இனம் இல்லாதபோது தொலைவு தன் உச்சத்தைத் தொட்டு மேலே வளரமுடியாமல் வளைகிறது, அவ்வளவே.

சூழல் காரணிகளைக் கொண்டு சமூகத்தை விளக்கும் ஆய்வில், இன்று மிகுதியும் பிரயோகிக்கப்படும் முறையின் வேர் நம் நாட்டிலேயே இருக்கிறது. கல்கத்தாவில் பொதுத் தொலைவு என்ற கருத்தை 1936-ல் மகாலனோபிஸ் வகுத்த அதே புள்ளியியல் நிலையத்தைச் சேர்ந்த சி. ஆர். ராவ், அங்கிருந்து வெளிவந்த ‘சங்க்யா’ பத்திரிகையில் 1964-ல் எழுதிய கட்டுரையே அதற்கு அடிப்படை. சாதனத்தின் சிறப்பு அதன் அபாயத்தைப் போக்கிவிடாது: 29 இடங்களுக்கு 28 காரணிகளைச் சேர்த்தால், அவை வானத்து நட்சத்திரங்களின் எண்ணிக்கையாக இருந்தாலும், விளக்கம் நூற்றுக்கு நூறாகிவிடும்.

அடுத்து வருவது கலைத்துப்பார்க்கும் பரீட்சை. நிரைகளை 999 முறை கலைத்து, கலையாத முடிவே எல்லாவற்றிலும் பெரிதாக நின்றால் 0.001 என்று எழுதுகிறோம். அந்த எண் நதியின் குணமன்று, நாம் கலைத்த தடவைகளின் குணம். அன்றியும், கலைப்பதற்கு நிரைகள் தம்முள் இடம் மாறத்தக்கவையாக இருக்கவேண்டும். மேல்நீர் கீழே ஓடிவரும் நதியில் அடுத்தடுத்த இடங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்க, அவற்றைச் சீட்டுக்கட்டைப்போல் கலைப்பவன், இல்லாத சுதந்திரத்தை இருப்பதாக ஒப்புக்கொண்டே பரீட்சையைத் தொடங்குகிறான்.

இங்கே ஒரு வலிய ஆட்சேபம் எழும். தொலைவுகளை நம்பும் மார்க்கமே பழுதுடையது என்றும், மிகுதியும் சிதறலும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் எண்களில் அது இருப்பிட வேற்றுமையையும் சிதறல் வேற்றுமையையும் குழப்பிவிடுகிறது என்றும் 2012-ல் வார்டனும் அவர்தம் சகாக்களும் எழுதினர். ஒவ்வோர் இனத்துக்கும் நிகழ்தகவு மாதிரி அமைப்பதே அவர்கள் காட்டும் வழி. விமரிசனம் நியாயமானதே, எனினும் அவ்வழியே செல்வோரும் பூஜ்யத்தைத் தாண்டிச் சென்றுவிடவில்லை. பாய்சான் பரவல் போதுமா, எதிர்மறை ஈருறுப்புப் பரவல் வேண்டுமா, மிகைப் பூஜ்யத்துக்குத் தனி உறுப்புச் சேர்ப்பதா என்று அவர்கள் தேர்வு செய்யும் ஒவ்வொரு தருணத்திலும், அந்த இனம் அங்கே வாழ இயலாதது, வாழக்கூடியதாயினும் வந்து சேராதது, வாழ்ந்தும் வலையில் அகப்படாதது என்ற மூன்று இன்மைகளில் தம் அட்டவணையிலுள்ளது எது என்பதையே தீர்மானிக்கிறார்கள்.

இந்த மூன்றாவது இன்மையை மாணவனுக்கு விளக்க, அந்த நதியின் எட்டாம் இடத்தைக் காட்டிலும் தக்க உதாரணத்தை நான் அறியேன். அங்கே 27 கட்டங்களும் பூஜ்யம். ஒரு மீன்கூட இல்லை. பிரே, கர்ட்டிஸ் பெயரிலுள்ள சூத்திரப்படி வேறெந்த இடத்தோடு ஒப்பிட்டாலும் அது உச்ச பேதத்தையே தரும். அதைப்போன்ற இன்னோர் இடம் இருந்திருந்தால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கவேண்டியதாகும். ஆதலால் கற்பிப்போர் அந்த நிரையை முதல் வரியிலேயே நீக்கிவிடச் சொல்லுகிறார்கள், மாணவர்களும் கேள்வியின்றி நீக்கிவிடுகிறார்கள். நீர் கெட்டதால் மீன் இல்லையா, அன்று பிடிபடவில்லையா, ஏழாம் இடத்திலும் ஒன்பதாம் இடத்திலும் ஐந்தைந்து இனங்கள் இருக்க இடையிலே என்ன நேர்ந்தது என்று வினவுபவன் வகுப்புக்கு ஒருவன் கிடைப்பதும் அரிது. நீக்கியபின் வரையப்படும் ஒவ்வொரு படத்திலும் புள்ளிகளின் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவந்து, 7-ஐ அடுத்து 9 என்று நிற்கின்றன.