தலைமுடியை விடச் சின்ன இடைவெளி

எஞ்சின் வேலை முடிஞ்சு நானூறு கிலோமீட்டர்கூட ஓடலைங்க. திண்டிவனம் தாண்டினதும் அடியில இருந்து 'டொக் டொக்'னு ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா வேகமா தட்டுது, விட்டா மெதுவா தட்டுது. ஆயில் விளக்கு வேற கண்ணடிக்குது. ஓரங்கட்டி நிறுத்தினேன். அப்பா ஓட்டின பழைய கார். பின்சீட்ல கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோட கிளம்பின குடும்பம். மிச்சத்தைச் சொல்லணுமா? :-)

"ராட் பேரிங் போச்சு சார்"னார் மெக்கானிக் அண்ணன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருக்கலாம். எஞ்சினைப் பூட்டுறதுக்கு முன்னாடி, "ஒரு நாள் பொறுங்க சார், கிளியரன்ஸ் பாத்துட்டுப் பூட்டிடலாம்"னு கேட்டவர் அவர். "எல்லாம் புது ஷெல்தானே அண்ணே, சரியாத்தான் இருக்கும், பூட்டுங்க"ன்னு அவசரப்படுத்தினது நான்.

'புதுசுன்னா சரியாத்தான் இருக்கும்'கிற இந்த நம்பிக்கை எங்கே இருந்து வந்ததுன்னு அப்புறமா தேடிப் படிச்சேன். அதான் இந்தக் கொசுவத்தி.

முதல்ல, எதுக்கு இடைவெளி? பிஸ்டன் மேலும் கீழும் போகுது, கிராங்க் சுத்துது. ரெண்டையும் இணைக்கிறது கனெக்டிங் ராட். ராடோட பெரிய கண்ணு கிராங்க்கைக் கவ்விப் பிடிக்கிற இடத்துல ஷெல் பேரிங் ரெண்டு அரைவட்டமா உட்காரும். ஷெல்லுக்கும் கிராங்க்குக்கும் நடுவுல விடுற இடைவெளிதான் கிளியரன்ஸ். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை 'தௌ'ன்னு சொல்லுவாங்க. கிராங்க்கோட விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பொதுவான கணக்கு. ரெண்டு அங்குலம்னா ரெண்டு தௌ, அதாவது 0.05 மில்லிமீட்டர். தலைமுடியே பெரும்பாலும் இதைவிடத் தடிமன்!

இந்த இடத்துல என்ன நடக்குதுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே ஒரு சின்ன விபத்தாலதான். பிரிட்டன்ல மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கத்துக்காக பீச்சம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதிச்சுக்கிட்டு இருந்தார். 1883-ல் அறிக்கை வந்தது. எண்ணெய் விடறதுக்காக பேரிங்கோட உச்சியில ஒரு ஓட்டை போட்டார். அச்சைச் சுத்தவிட்டா எண்ணெய் உள்ளே போறதுக்குப் பதிலா வெளியே பொங்கி வருது! கார்க் வச்சு அடைச்சார், தள்ளிடுச்சு. மரக்கட்டை அடிச்சார், அதையும் தள்ளிடுச்சு. அழுத்தமானியை மாட்டிப் பாத்தா, பேரிங் மேல ஏத்தின சராசரி பாரத்தைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல அழுத்தம். அச்சு பேரிங்கைத் தொடவே இல்லை, எண்ணெய்ப் படலத்து மேல மிதக்குது!

மூணு வருஷம் கழிச்சு, 1886-ல், மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதுக்குக் கணக்கு எழுதினார். சுத்துற அச்சு, ஒடுங்கிக்கிட்டே போற இடைவெளிக்குள்ள எண்ணெயை ஆப்பு மாதிரி இழுத்துத் திணிக்குது. அந்த ஆப்புதான் பாரத்தைத் தூக்குது. இடைவெளி ரொம்பக் குறைஞ்சா, சூடாகி உலோகம் உலோகத்தைத் தொட்டுப் பிடிச்சுக்கும். கூடினா எண்ணெய் ஓரத்தில் வழிஞ்சிடும். வழியுற அளவு இடைவெளியோட மும்மடிக்கு ஏத்த மாதிரி கூடும். இடைவெளி ரெட்டிப்பானா கசிவு எட்டு மடங்கு! என் ஆயில் விளக்கு ஏன் கண்ணடிச்சதுன்னு இப்போ புரியுதா?

சரி, அந்தக் காலத்து மெக்கானிக்குகள் இதை எப்படிச் சமாளிச்சாங்க? ஐசக் பாபிட் 1839-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கின யோசனைதான் அடிப்படை. பெரும்பங்கு வெள்ளீயம், கூடவே ஆன்டிமனி, செம்பு கலந்த மெத்தென்ற உலோகத்தைப் பேரிங்குக்குள்ள பூசறது. ஃபோர்டு மாடல் டி காரின் ராடுகளில் இதை உருக்கி ஊத்தியிருப்பாங்க. தேஞ்சு சத்தம் போட்டா ராட் கேப்பைக் கழற்றி, அதோட முகத்தை அரத்தால ராவி, திரும்ப மாட்டிக் கையால ஆட்டிப் பாப்பாங்க. நீலச் சாயம் தடவி, எங்கே ஒட்டுதோ அங்கே சுரண்டுவாங்க. அளவுங்கிறது மெக்கானிக்கோட விரல்ல இருந்தது.

மாடல் டி வந்த அதே 1908-ல் இன்னொரு சம்பவம். காடிலாக் கம்பெனியின் ஹென்றி லீலண்ட் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பழகியவர், துல்லியத்தில் பைத்தியம். லண்டன் கையிருப்புல இருந்த மூணு ஒற்றை சிலிண்டர் காடிலாக் கார்களை, ராயல் ஆட்டோமொபைல் கிளப் மேற்பார்வையில், புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையில் வச்சு அக்குவேறு ஆணிவேறா பிரிச்சாங்க. பாகங்களை ஒண்ணாக் கலந்தாங்க. 89 பாகங்களை எடுத்துட்டு உதிரிபாகக் கையிருப்புல இருந்து வேற போட்டாங்க. ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் மட்டும் வச்சு மூணு காரையும் திரும்பப் பூட்டி, 500 மைல் ஓட்டினாங்க. ஓடிச்சு! டுவார் கோப்பை காடிலாக்குக்கு.

'புதுசு வாங்கு, பொருந்தும்'கிற நம்பிக்கை இப்படி வளர்ந்ததுதான். ஆனா நான் கவனிக்காம விட்டது ஒண்ணு. அந்தப் பாகங்கள் புதுசா இருந்ததால பொருந்தலை. தொழிற்சாலையில ஒவ்வொண்ணையும் யாரோ அளவுகோல் வச்சு அளந்து அனுப்பினதால பொருந்திச்சு.

1930-கள்ல இருந்து மெல்லிய ஸ்டீல் ஷெல்கள் பரவலாச்சு. செவர்லே மட்டும் 1950-களோட ஆரம்பம் வரைக்கும் ஊத்துற பாபிட்டை விடலை. ஷெல் வந்தப்புறம் ராவுறது, சுரண்டுறது எல்லாம் போச்சு. ராடோட துளை, ஷெல்லோட தடிமன், கிராங்க்கோட விட்டம், இந்த மூணும் சேர்ந்துதான் இடைவெளி. ஷெல் தொழிற்சாலையில இருந்து வருது, சரி. என் கிராங்க்? இத்தனை வருஷம் ஓடித் தேஞ்சு, கிரைண்டிங் போயிட்டு வந்தது. அதை யார் அளந்தா?

எஞ்சினை மறுபடி இறக்கினப்போ அண்ணன் மத்த மூணு ராடையும் அளந்தார். ரெண்டு சரி. ஒண்ணுல அஞ்சு தௌ. கிரைண்டிங்ல கூடுதலா தேஞ்சிருக்கு. போன நாலாவதும் அப்படித்தான் இருந்திருக்கணும். ஆனா அளக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

இந்தத் தடவை ஒரு நாள் முழுக்கப் பட்டறையிலேயே உட்கார்ந்தேன். பிளாஸ்டிகேஜ்னு பச்சை நிறத்துல நூல் மாதிரி ஒண்ணு. ஒண்ணுல இருந்து மூணு தௌ வரைக்கும் காட்டும். எண்ணெயைத் துடைச்சுட்டு, கிராங்க் மேல நீளவாக்குல ஒரு துண்டை வச்சு, கேப்பை மாட்டி, டார்க் ரெஞ்ச்ல சொன்ன அளவு முறுக்கணும். கிராங்க்கைச் சுத்தவே கூடாது. திரும்பக் கழற்றினா நூல் நசுங்கி அகலமாயிருக்கும். எவ்வளவு அகலமோ, இடைவெளி அவ்வளவு குறைச்சல். உறையில அச்சடிச்ச கோடுகளோட ஒத்துப் பாத்துக்கணும். நாலுமே ரெண்டு தௌ.

அதுக்குப் பிடிச்ச நேரம் மொத்தமா ஒன்றரை மணி. நான் முதல் தடவை கொடுக்க மறுத்தது அவ்வளவுதான். செலவு ரெண்டு மடங்கு, போகாத கல்யாணம் ஒண்ணு.

வண்டி இப்போ நல்லா ஓடுது. யாராவது "ஒரு நாள் பொறுங்க, அளந்துடலாம்"னா, வாயை மூடிக்கிட்டு டீ சொல்லிடறேன் :-)