ஒரே கதவு எண், ரெண்டு வீடு: 8052-ல ராம் வச்ச கதை

வண்ணார்பேட்டையில இருந்து இன்னொரு பகுதி. போன பகுதியைக் கேட்ட ஒரு மாணவி எழுதியிருந்தாங்க: “8052-ல மேல்பாதி ராமுக்கு ஆர்0, ஆர்1 வழியாத்தான் போகணும்னு லேப்ல சொல்றாங்க. ஏன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க.” நியாயமான கேள்வி. விடை 1980-ல இருக்கு.

அந்த வருஷம் இன்டெல் 8051-ஐக் கொண்டுவந்தது. ஒரே சிப்புக்குள்ள 4 கிலோபைட் ரோம், 128 பைட் ராம். நேரடிக் கட்டளையில முகவரிக்கு ஒதுக்கினது ஒரே ஒரு பைட், அதாவது 256 இடம். கீழ்பாதி 128-ஐ ராமுக்குக் கொடுத்தாங்க. மேல்பாதியில போர்ட், டைமர், சீரியல் இதையெல்லாம் ஆளுற சிறப்பு ரிஜிஸ்டர்கள். அதுவும் 21 மட்டும்தான். மிச்சமெல்லாம் காலி மனை.

அடுத்து வந்த 8052-ல ராம் 256 பைட் ஆச்சு. கூடுதல் 128-ஐ எங்கே வைக்கிறது? மேல்பாதியில ஏற்கெனவே ஆள் குடியிருக்கு. அவங்களைக் கிளப்பினா பழைய புரோகிராம் ஒண்ணும் ஓடாது. அதனால அதே எண்களை இன்னொரு வரிசை வீட்டுக்கும் கொடுத்துட்டாங்க. நம்ம தெருவுல பழைய எண், புதிய எண்ணு ரெண்டும் பலகையில இருக்குமே, தபால்காரர் எதைப் பார்க்கிறாரோ அதுக்கேத்த வீட்டுக்குத்தானே கடிதம் போகும்? அந்தக் கதைதான். ஹெக்ஸ் 90-ன்னு நேரா எழுதினா போர்ட் 1-க்குப் போகும். அதே 90-ஐ ஆர்0-ல வச்சு, ‘ஆர்0 காட்டுற இடத்துல எழுது’ன்னா ராமுக்குப் போகும். இதுதான் மறைமுக முகவரி. ஸ்டாக்கும் இப்படி மறைமுகமாத்தான் போகுது. அதனால அதை மேல்பாதிக்குத் தள்ளிட்டு, கீழ்பாதியை மாறிகளுக்கு வச்சுக்கலாம்.

கெட்டிக்காரத்தனமான ஒட்டுவேலை, மறுக்கல. ஆனா செலவு சி மொழியில எழுதுறவங்க தலையில விழுந்துச்சு. கெய்ல் கம்பைலர்ல ஒரு மாறி எங்கே இருக்கணும்னு டேட்டா, ஐடேட்டா, எக்ஸ்டேட்டான்னு நாமளே சொல்லலாம். சொல்லாம விட்ட பொதுவான பாயின்டருக்கு 3 பைட் ஆகும்: ரெண்டு பைட் முகவரி, ஒரு பைட் ‘எந்தத் தெரு’ன்னு சொல்ல. மொத்தம் 128 பைட் வச்சிருக்கிற சிப்புல இது சின்னத் தொகை இல்ல.

இன்டெல் மட்டும் இப்படிச் செய்யல. 1976-ல ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் செஞ்ச பிக் 1650-ல முகவரிக்கு 5 பிட்தான், 32 ரிஜிஸ்டர். பின்னால ராம் வளர வளர ‘பேங்க்’ பேங்கா அடுக்கினாங்க. 16எஃப்877-ல 368 பைட், நாலு பேங்க்ல சிதறிக் கிடக்கும். பெரிய அரே ஒண்ணை முழுசா ஒரே இடத்துல வைக்க முடியாது! பிற்பாடு மைக்ரோசிப் பண்ணின திருத்தம் எனக்குப் பிடிச்சது: பேங்க் ஒவ்வொண்ணுலயும் இருக்கிற 80 பைட் துண்டுகளை, ஹெக்ஸ் 2000-ல இருந்து தொடர்ச்சியா ஒரே நிலம் மாதிரி காட்டினாங்க. ராம் இருந்த இடத்துலயேதான் இருக்கு. 16 பிட் பாயின்டர் வழியா பார்த்தா வரப்பு தெரியாது.

பழைய புரோகிராம் என்கிற சுமை இல்லாதவங்க என்ன செஞ்சாங்க? சென்னை ஐஐடியோட சக்தி திட்டத்தைப் பாருங்க. 2018-ல ரிமோ, 2020-ல மௌஷிக், ரெண்டு சிப்பும் சண்டிகர்ல 180 நானோமீட்டர்ல செஞ்சது. அடிப்படை ரிஸ்க்-ஃபைவ். ராமும் போர்ட்டும் ஒரே நீண்ட முகவரி வரிசையில, தனித்தனி எண்ணோட. பூஜ்ய ரிஜிஸ்டர் போக எந்த ரிஜிஸ்டரும் பாயின்டர் ஆகலாம்.

ஆனா அண்ணா பல்கலைக்கழகத்தோட 2017 பாடத்திட்டத்துல இருந்தது 8086-ம் 8051-ம். படிக்க வைங்க, தப்பில்ல. 1980-ல ஏன் அப்படி வச்சாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

கேள்வி கேட்ட மாணவிக்கு: உங்க கிட்ல இருக்கிறது ஏடி89எஸ்52-ன்னா, போர்ட் 1-ல எல்.ஈ.டி. மாட்டிட்டு, ஹெக்ஸ் 90-க்கு ஒரு தடவை நேரா, ஒரு தடவை ஆர்0 வழியா எழுதிப் பாருங்க. முதல் தடவை மட்டும்தான் விளக்கு மாறும்.