பழனிமலையில் உறைபனி: இரவுக் குளிரைக் கணித்த வரலாறு

பழனிமலைத் தொடரின் உயர்ந்த பகுதிகளில் டிசம்பர், சனவரி மாதங்களில் உறைபனி விழுவது வழக்கம். பகலில் நல்ல வெயில் அடிக்கும். மறுநாள் விடியலில் கொடைக்கானல் ஏரியை ஒட்டிய புல்வெளி வெள்ளை போர்த்திருக்கும். ஓர் இரவில் வெப்பநிலை எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே சொல்வது வானிலையியலின் கடினமான பணிகளுள் ஒன்று.

காரணம்

பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகிறது. மேகமும் ஈரப்பதமும் அதில் ஒரு பகுதியை நிலத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. வானம் தெளிந்து, காற்று உலர்ந்து அசையாமல் நின்றால் வெப்பம் வேகமாக வெளியேறும். கோடையில் 50 டிகிரி செல்சியசைத் தொடும் ராஜஸ்தானின் சூரு நகரம், குளிர்கால இரவுகளில் சுழியத்துக்குக் கீழே போவதற்கும் இதுவே காரணம். நள்ளிரவில் மேகம் திரண்டாலோ சிறு காற்று எழுந்தாலோ கணிப்பு பொய்த்துவிடும்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். அதனால் மேட்டைவிடப் பள்ளத்தில் குளிர் மிகும்.

கொடைக்கானல் ஆய்வகம்

1876–78 பஞ்சத்துக்குப் பின், சூரியனுக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறியும் ஆர்வம் வளர்ந்தது. மிச்சி ஸ்மித்தின் முயற்சியால் 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவானது. 1971 வரை அது இந்திய வானிலைத் துறையின் கீழ் இருந்தது. அங்கு வானிலை அளவீடுகளும் நடந்தன. ஆனால் ஆய்வகம் சுமார் 2,340 மீட்டர் உயர மேட்டில் உள்ளது, ஏரியோ பள்ளத்தில். மேலும், வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் பெட்டிக்குள் வைப்பார்கள். அது சுழியத்துக்குமேல் 3 டிகிரி காட்டும்போதே புல்லில் பனி உறையக்கூடும்.

இராமதாஸ் கண்டது

சர் சி. வி. இராமனின் மாணவரான எல். ஏ. இராமதாஸ், ஆத்மநாதனுடன் சேர்ந்து 1932இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார். தெளிந்த, காற்றில்லாத இரவில் மிகக் குளிர்ந்த காற்று வெற்றுத் தரையை ஒட்டி இருப்பதில்லை. சில பத்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்பதே அது. அளவீட்டுப் பிழை என்று பலர் ஐயுற்றனர். பிற்கால ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. இன்று அது ‘இராமதாஸ் அடுக்கு’ எனப்படுகிறது.

உழவருக்கு

பழனி–கொடைக்கானல் சாலையில் உள்ள வடகவுஞ்சி, கொடைக்கானல் நகரைவிடத் தாழ்ந்த ஊர். நகருக்குச் சொல்லும் ஒரே எண் அவ்வூருக்கும் மேல்மலைத் தோட்டங்களுக்கும் பொருந்தாது. ஈரமண் வெப்பத்தைக் கூடுதலாகத் தேக்கிவைக்கும் என்பதால், பனிக்கு முன் நீர் பாய்ச்சுவது பயிரைக் காக்கும் ஒரு வழி. ஆனால் அதை மாலைக்குள் முடிவுசெய்ய வேண்டும். ஓரிரு டிகிரி பிழையும் ஒரு பருவத்தின் உழைப்பைக் கருக்கிவிடலாம்.