சராசரிக்கு வெளியே நின்றவர்கள்



எழுத்தறிவு, ஆயுள், மகப்பேற்று இறப்பு ஆகிய கணக்குகளை வைத்து, இந்தியாவைவிட இலங்கையே மேல் என்பார்கள். கணக்கு பொய்யல்ல. அங்கே 1931லேயே வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. 1945இல் இலவசக் கல்வி. இங்கே எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1951-52இல்தான்.

ஆனால் அந்தச் சராசரி யாருடைய வாழ்க்கை? பஞ்சமும் சாதியும் துரத்த, கங்காணிகளின் பின்னே மலையேறிய நம் மக்களில் பெரும்பகுதியினர் சேரிகளிலிருந்து போனவர்கள். இலங்கையின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் தந்தது தேயிலை ஏற்றுமதி. கொழுந்து பறித்தவை அவர்களின் கைகள். 1947 தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அவர்களை, 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அங்கே ‘இந்தியத் தமிழர்’, இங்கே ‘சிலோன்காரர்’. இரண்டு நாட்டிலும் சொந்த நிலம் இல்லை.

ஆகவே, எந்த நாடு மேல் என்று கேட்பவர்களிடம் சொல்லுங்கள்: சராசரியிலிருந்து அல்ல, லயத்து அறையிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.